சூடேறும்போது உறைவது

2008 ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றைக்குத்தான் மறுபடி ஆய்வுகூடத்துக்குப் போனேன். போன மார்கழிக்குப் பிறகு அந்தக் கதவை நான் திறக்கவே இல்லை. மேசையில் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி. துடைத்து முடிக்கவே பத்து மணியாகிவிட்டது.

போத்தல் வைத்த இடத்திலேயே இருந்தது. அயனித் திரவம். சரித்துப் பார்த்தால் கித்துள் பாகு போல மெதுவாக ஒழுகும், ஆனால் நிறமில்லை. இதை உப்பு என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கறியுப்பை உருக்குவதற்கு உலை வேண்டும். இது அறைச் சூட்டிலேயே உருகிக் கிடக்கிற உப்பு. இதன் அயன்கள் பெரியவை, கோணல்மாணலானவை, ஒன்றோடொன்று ஒழுங்காக அடுக்குப்படாதவை. அதனால் கட்டியாக முடியாமல் திரவமாகவே இருக்கிறது. இதில் தண்ணீரைக் கலந்து நன்றாகக் குளிரவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வரியில் சொல்லிவிடலாம். செய்து முடிக்கத்தான் என் இளமை போகிறது.

குளிருக்கு ட்ரை ஐஸ் வேண்டும். இப்றாஹிம் ஹாஜியாரின் லொறி பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. பேலியகொடையில் அவருக்கு மீன் ஏற்றுமதி. விமானத்தில் போகிற கெலவல்லா மீனுக்குப் போடுகிற ஐஸில் எனக்கும் ஒரு பங்கு. முன்பு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அவருடைய ஏற்றுமதிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த கிளெமென்ற். முதல் நாள் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்று, "மிஸ், ஐஸ் வந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருடமும் அதைத்தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. கலியாணம் கட்டின பிறகும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்.

கிளெமென்ற் வந்து ஒரு கிழமையாகிறது. மார்கழியில் கொட்டாஞ்சேனையில் தாய் வீட்டுக்குப் போனவரைச் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். போன கிழமை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள், இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை. ஆள் மெலிந்திருக்கிறார், அவ்வளவுதான். வந்த அன்றே, "உம்மட சொதியவிட உள்ளுக்குக் குடுத்த சொதி பரவாயில்ல" என்றார். பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கேயும் கம்பிக்குப் பின்னால் நின்று இப்படித்தான் பகிடி விடுவார். நான் அழுதுகொண்டு வருவேன், அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போவார்.

நாலு மணிக்கு வெளிக்கிட்டுவிட்டேன். இருட்டுவதற்கு முன் காலி வீதிச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிவிட வேண்டும். அது என் விதி. குழாய்களைக் குளிருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒன்றும் உறையவில்லை. தண்ணீர் கூடின குழாய்கள் மட்டும் சாதாரண ஐஸாகின. மற்றவையெல்லாம் தெளிவாக, தடித்து, அசையாமல் நிற்கின்றன. விட்டுவிட்டு வந்தால் காலையில் ட்ரை ஐஸ் எல்லாம் போய்விடும், குழாய் அறைச் சூட்டில் இருக்கும், அதே தெளிவு. "மாற்றம் இல்லை" என்று எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நான் கற்பனை செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

கிளெமென்ற் சட்டையைக் கழற்றுவதில்லை. சாரத்துக்கு மேல் முழுச் சட்டை, பொக்கற்றில் அடையாள அட்டை. படுக்கும்போதும் அப்படியே. முதல் நாட்களில் இப்படி இல்லை. முதல் நாட்களில் பனியனோடு பல்கனியில் நின்று கடலைப் பார்த்தார், கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது கை காட்டினார். இப்போது பல்கனிக் கதவே திறப்பதில்லை.

இன்று காலை குசினி வாசலில் வந்து நின்றார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்தேன்.

"தண்ணி குடிக்கட்டா?"

சொந்த வீடு. சொந்தப் பானை. நான் சிரித்துவிட்டேன், பகிடி என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்லும்வரை அங்கேயே நின்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

றோஸி மாமி வந்தார். கிளெமென்றின் அம்மா. வரும்போது மீனும் கொண்டு வருவார், அந்தோனியாரையும் கொண்டு வருவார். கொச்சிக்கடைக் கோயிலில் நேர்ந்து எடுத்த எண்ணெயை மகனின் நெற்றியில் பூசினார். மகன் பூச விட்டுக்கொண்டு இருந்தார், யாருடைய நெற்றியோ என்பது போல.

சாப்பிட்ட பிறகு கழுவப் போகவும் கேட்டார். "கை கழுவட்டா?" மாமி என்னைப் பார்த்தார். நான் கறிச் சட்டியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

என் பேராசிரியர் ஹெக்டர் நல்ல மனிதர்தான், பொறுமை மட்டும் இல்லை. "உறைந்தால் உறைந்தது என்று எழுது, உறையாவிட்டால் உறையாது என்று எழுது, ஒக்டோபருக்குள் ஏதாவது எழுது" என்றார். உறையாது என்று எழுத எனக்கு மனமில்லை. மனமில்லாததற்கு விஞ்ஞானத்தில் இடமும் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கத்திவிட்டேன்.

குளியலறைக் கதவடியில் நின்று "போகட்டா" என்றார். நான் வேலைக்குப் பிந்திவிட்ட அவதியில்— "ஏன் கேக்கிறீங்கள்? ஏனப்பா என்னட்டக் கேக்கிறீங்கள்? நான் ஆர், பொலிஸா?" என்று கத்திவிட்டேன். அவர் இரண்டு கையையும் பக்கத்தில் நேராக வைத்துக்கொண்டு நின்றார். நேராக. தலையைக் குனிந்து.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கடவுளே, எனக்குத் தெரியாதா அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று. தெரியும். தெரிந்துகொண்டும் கத்தினேன். பஸ்ஸுக்குள் முழு வழியும் அழுதுகொண்டு போனேன், பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒரு கைலேஞ்சி தந்தார். திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே கொண்டு வந்துவிட்டேன்.

அங்கே சிறைக்குள் வெறும் தரைக் குளிரிலும் சிரித்துக்கொண்டு நின்றவர், இங்கே வீட்டுக்கு வந்து, சுடுசோறு சாப்பிட்டு, என்னோடு இருந்துகொண்டு ஏன் இப்படி ஆகிறார்? என்னிடம் ஏதும் பிழையா?

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாமி முடிவோடு வந்திருக்கிறார். சென்னையில் அவருடைய தம்பி சவுந்தரநாயகம் இருக்கிறார், அச்சகம் வைத்திருக்கிறார். கிளெமென்றை அங்கே அனுப்பிவிடுவோம் என்கிறார். ஒக்டோபர் பத்தாம் திகதி பிளேனுக்குச் சீட்டும் பார்த்து வைத்துவிட்டார்.

"இந்த ஊர் காத்துத்தான் மகள் அவன இப்பிடி ஆக்குது. அங்க போனா ஒரு பயமும் இல்ல. நல்லா வந்த பிறகு நீயும் போ."

நல்லா வராவிட்டால்? போனால் திரும்பி வருவாரா என்று எனக்குள் ஒன்று கேட்கிறது. என்னையே வாசலில் நிற்கிற பொலிஸைப் பார்ப்பது போலப் பார்க்கிறவர், கடலுக்கு அந்தப் பக்கம் போய் என்னை நினைப்பாரா?

கிளெமென்றிடம் கேட்டோம். "நீங்க சொல்றபடி" என்றார். நானும் "சரி" என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாலு மணிக்கு வெளிக்கிட முடியவில்லை. கம்பஸ் வாசலையே பூட்டிவிட்டார்கள். சந்தியில் பஸ் தரிப்பிடத்தில் யாரோ பையொன்றை விட்டுப் போய்விட்டார்களாம். றோட்டெல்லாம் மறிப்பு, படை வந்திருக்கிறது. போனும் வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல் மேலே ஏறி வந்து மறுபடி என் குழாய்களுக்கு முன்னால் குந்தினேன்.

ட்ரை ஐஸ் முடிகிற தறுவாய். வெப்பமானியில் இலக்கம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இதுவரை நான் குளிரும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சூடேறும்போது ஒரு நாளும் பக்கத்தில் இருந்ததில்லை. நாலு மணிக்கு ஓடுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஏழாம் குழாய் வெள்ளையாகியது.

முதலில் அடியில் ஒரு புள்ளி. நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பிறகு அந்தப் புள்ளியிலிருந்து வெள்ளை நாலா பக்கமும் ஓடியது. கொஞ்ச நேரத்துக்குள் குழாய் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி உறைந்து இறுகிவிட்டது. இவ்வளவு கடும் குளிரில் அசையாமல் தெளிவாக நின்றது, சூடு ஏறும்போது உறைகிறது. எங்கேயாவது கேள்விப்பட்ட கதையா இது?

அடைப்பு ஒழுகி வெளித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பதறி, பெட்டியின் மூலையில் கிடந்த கடைசி ஐஸ் துண்டுகளை அள்ளிப் போட்டுக் குழாயைத் திரும்பக் குளிருக்குள் தள்ளினேன். குளிரில் பழையபடி தெளிந்துவிடும் என்று. தெளியவில்லை. வெள்ளையாகவே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அசையவில்லை.

வாசலைத் திறந்தபோது இருட்டிவிட்டது. பைக்குள் இருந்தது பாதி வெட்டிய பலாப்பழமாம். யாரோ ஒரு பாவி மனிதர் மறந்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்தால் கிளெமென்ற் மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கிறார். சப்பாத்துப் போட்டு, சட்டைக்கை பொத்தானெல்லாம் பூட்டி. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. ஒன்றும் கேட்கவில்லை. என் கைப்பையை வாங்கினார், திறந்து என் அடையாள அட்டையை எடுத்தார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். பிறகு எனக்கு முன்னால் படியேறிப் போனார்.

கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. கையைப் பிடித்தால் அவர் உடம்பு கம்பாகிவிடுகிறது.

செப்டம்பர் 3, புதன்

ஹெக்டரிடம் சொன்னேன். "அசுத்தம்" என்றார், கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல். புதுக் குழாய், புது அடைப்பு, புதுக் கலவை. மறுபடி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாமியிடம் கேட்டேன், கோயிலுக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கிளெமென்றோடு இருக்க முடியுமா என்று. "ஏன்?" "ஒரு குழாயைப் பாக்கவேணும் மாமி." என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் வந்தார்.

கலவை சுத்தம். அடைப்பு இறுக்கம். நானே மூன்று தரம் பார்த்தேன். குளிர வைத்தேன், தெளிவாக நின்றது. பிறகு குழாயை வெளியே எடுத்து, வெறும் ரெஜிபோம் பெட்டிக்குள் தொங்கவிட்டு மூடி, மெல்ல மெல்லச் சூடேற விட்டேன். பெட்டியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் என் கண்.

மறுபடி அதே இடத்தில் வெள்ளையாகியது. அசுத்தம் இல்லை. அது அதன் இயல்பு.

கை திரும்பக் குளிரில் வைக்கப் போனது. வைக்கவில்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன், சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி. வெள்ளை வெள்ளையாகவே நின்றது, நின்றது, நின்றது. பழுதாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு ஓரமாக ஒரு கோடு தெளிந்தது. பிறகு ஒரு கட்டி கழன்று மிதந்தது. பிறகு முழுக்க உருகி, நான் கலந்து வைத்த அதே தெளிந்த திரவம்.

பஸ்ஸில் வரும்போது காரணத்தை யோசித்துக்கொண்டு வந்தேன். குளிரிலேயே உறைவதற்கான விதை விழுந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குளிரில் எல்லாம் அவ்வளவு தடித்துப் போய்க் கிடக்கிறது, ஒன்றும் அசைய முடியாது. உறைவதற்கும் அசைவு வேண்டுமே. சூடு ஏறும்போதுதான் அசையப் பலம் வருகிறது. பலம் வந்ததும் முதலில் செய்வது உறைவதுதான். அதற்குப் பிறகும் சூட்டை நிறுத்தாமல் விட்டால்தான் உருகும். இடையில் பயந்து குளிரில் தள்ளினால் அப்படியே நின்றுவிடும்.

தெகிவளைக்குப் போகிற பஸ், வெள்ளவத்தையில் இறங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மனிதன் குழாய் இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நாலு குழாயைப் பார்த்துவிட்டுப் புருஷனுக்கு வைத்தியம் சொல்கிறவளை என்னவென்று சொல்வது?

ஆனால் உள்ளே இருந்தபோது அவர் உடையாமல் இருந்தார். பகிடி விட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான்—

பிழை என்னிடம் இல்லையோ? வீட்டிடமும் இல்லையோ?

செப்டம்பர் 14, ஞாயிறு

மாமியிடம் சொல்லிவிட்டேன். அனுப்ப மாட்டேன் என்று.

குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னேன். மாமி வெங்காயத்தையும் கத்தியையும் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயைப் பற்றியும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.

"படிச்ச படிப்ப என்ட புள்ளையில பரீட்சை பாக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதுதான் உண்மை, வேறு விதமாகச் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

"இல்ல மாமி. அவர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. புது இடத்துக்கு அனுப்பினா, அங்கயும் அவர் ஆரிட்டயோ தண்ணி குடிக்கட்டா எண்டு கேட்டுக்கொண்டு நிப்பார். அங்க ஆர் ஓம் எண்டு சொல்லுறது?"

"உன்ட கணக்குப் பிழைச்சா?"

"பிழைச்சா நானே கூட்டிக்கொண்டு போறன். சீட்ட இப்ப விடாதைங்கோ."

மாமி சீட்டை விடவில்லை. பத்தாம் திகதிவரை பார்ப்போம் என்றார். போகும்போது என்னோடு கதைக்காமல் போனார், ஆனால் மீன்குழம்பை மூடி வைத்துவிட்டுத்தான் போனார்.

செப்டம்பர் 17, புதன்

ஒரு விஷயத்தை மாற்றினேன். இதுவரை அவர் "குடிக்கட்டா" என்று கேட்டால் நான் "ஏன் கேக்கிறீங்கள்" என்பேன். இப்போது "ஓம், குடியுங்கோ" என்கிறேன். "போகட்டா?" "ஓம், போங்கோ." "இருக்கட்டா?" "ஓம், இருங்கோ, எனக்குப் பக்கத்தில இருங்கோ." அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. தொடவுமில்லை.

இன்று ஓம் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

செப்டம்பர் 26, வெள்ளி

அவர் இன்னும் வெள்ளைதான். என் கணக்குப் பிழையோ?

ஒக்டோபர் 1, புதன்

பேலியகொடையிலிருந்து இப்றாஹிம் ஹாஜியார் போன் எடுத்தார். கிளெமென்ற் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஹாஜியாரின் குரல் எனக்கே கேட்டது, அவருக்குப் போன் என்றால் சத்தம் போட்டுக் கதைக்கிற பழக்கம். "ஒங்கட மேசைய ஒருத்தருக்கும் குடுக்கல்ல தம்பி. தூசிதான் இருக்கிது. வந்து தொடச்சிட்டு இருங்க." கிளெமென்ற் ரிசீவரை வைத்தார். நெடுநேரம் அதன் மேலேயே கை இருந்தது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

நடுச்சாமம் ஆகிவிட்டது. ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

மாமி கெலவல்லா கொண்டுவந்தார். பத்தாம் திகதி கிட்டுகிறது, மகனுக்கு ஆக்கிப் போடும் கடைசி ஞாயிறோ என்ற எண்ணம் அவர் முகத்திலேயே இருந்தது. மீனைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுக் கத்தியைத் தேடினார். கிளெமென்ற் தண்ணீருக்காக வந்து வாசலில் நின்றார். வாயைத் திறந்தார், நான் "ஓம்" சொல்லத் தயாரானேன்.

அவர் கேட்கவில்லை. மூக்கைச் சுருக்கினார். உள்ளே வந்து மீனைத் தூக்கினார், சதையை விரலால் அமத்திப் பார்த்தார், ஒரு துண்டைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆர் இதை உங்களுக்கு வித்தது?"

மாமி திகைத்துவிட்டார். "நம்மட சந்தையிலதான் மகன்..."

"மூண்டு நாள் மீன். மூண்டு நாள்! ஐஸ் காணாம வச்சிருக்கிறான். கண் இல்லையா உங்களுக்கு? நான் வாழ்நாள் முழுக்க மீன் பாக்கிறன், எனக்கே இத அவிச்சுத் தரப் பாக்கிறீங்களா?"

கத்தினார். கிளெமென்ற் கத்தினார். என் வீட்டில் இவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மாமியை ஏசுகிறார், மாமிக்கு ஏச்சு விழ விழ முகம் மலர்கிறது, எனக்குச் சிரிப்பும் வருகிறது அழுகையும் வருகிறது.

அப்படியே ஏசிக்கொண்டு வந்தவர், "அங்கயும் இப்பிடித்தான்" என்றார். நின்றார். "அங்கயும் இந்த நாத்தம்தான். கேக்காமத் தண்ணி எடுத்தா..." அதற்கு மேல் சொல்லவில்லை. மீனைக் கையில் வைத்துக்கொண்டே தொட்டியில் சாய்ந்து அழத் தொடங்கினார். சத்தமாக, வாய்விட்டு, தோள் குலுங்க.

மாமி, "ஐயோ, நான் வேற மீன் வாங்கிட்டு வாறன் மகன், அழாத மகன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நான் அவரை மறித்து இருத்தினேன். "விடுங்கோ மாமி. அழட்டும்."

பிறகு பக்கத்தில் போய் நின்றேன். முதுகில் கை வைத்தேன். உடம்பு கம்பாகவில்லை. மீன் மணக்கிற கையாலேயே என் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

பகல் சாப்பாடு பருப்பும் முட்டைப் பொரியலும்.

ஒக்டோபர் 6, திங்கள்

அடையாள அட்டை பிரிட்ஜுக்கு மேல் கிடக்கிறது. சட்டை கொடியில்.

ஒக்டோபர் 10, வெள்ளி

இன்றுதான் அந்தப் பிளேன். மாமி நேற்றே சீட்டை விட்டுவிட்டதாக இன்றைக்குத்தான் சொன்னார். "அந்தோனியார் செய்தது" என்றார். "ஓம் மாமி" என்றேன். குழாயையும் அந்தோனியாரையும் நான் ஏன் சண்டைக்கு விட வேண்டும்?

ஹெக்டரிடம் வரைபைக் கொடுத்தேன். இம்முறை கடதாசியிலிருந்து கண்ணை எடுத்தார். "இதை ஏன் முன்னமே பார்க்கவில்லை?" என்று கேட்டார். நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிறவள் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. எப்படி விளங்கும், அவர் ஏழு மணிக்கும் காரை எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒக்டோபர் 29, புதன்

நேற்று இரவு குண்டு போட விமானம் வந்ததாம். வானத்தை நோக்கிச் சுட்டார்கள், ஊர் முழுக்க கரண்ட் போனது. காலையில் பார்த்தால் கிளெமென்ற் சட்டை போட்டு, பொக்கற்றில் அட்டையோடு கதிரையில் இருக்கிறார். "தேத்தண்ணி குடிக்கட்டா?" என்றார்.

"ஓம், குடியுங்கோ."

பின்னேரம் தானாகக் கழற்றிவிட்டார். எனக்கும் பயம் வந்து பயம் போனது. சில குழாய்கள் ஒரு தரம் உருகி, ஒரு ஓரத்தில் கொஞ்ச நேரம் மறுபடி வெள்ளையாகும். அதையும் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

போன கிழமையிலிருந்து கிளெமென்ற் வேலைக்குப் போகிறார், அரை நாள். மேசையைத் துடைத்தாராம். அவ்வளவுதான் சொன்னார்.

இன்று காலை நான் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். லொறிச் சத்தம் கேட்டது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள் என்று நான் திரும்பவில்லை.

"மிஸ், ஐஸ் வந்திருக்கு."

கையில் குழாயோடு திரும்பினேன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கதவடியில் நிற்கிறார், முதல் நாள் நின்ற அதே இடத்தில். நரை மட்டும் கூடியிருக்கிறது. "எங்க வைக்கிறது?" "இஞ்ச." வைத்தார். "இருக்கட்டா?" என்று கேட்டார். பழைய கேள்விதான், ஆனால் இம்முறை கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

லொறியை அனுப்பிவிட்டுப் பின்னேரம்வரை என்னோடு இருந்தார். ஏழாம் குழாயைக் காட்டினேன். ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"வெள்ளையாயிட்டு. பழுதாப் போச்சா?"

"இல்ல. பாத்துக்கொண்டிருங்கோ."

"ஐஸுக்குள்ள இருக்கேக்க நல்லாத்தானே இருந்தது."

"ஓம். வெளிய எடுத்த பிறகுதான் இப்பிடி."

அவர் மறுபடி ஓட்டையில் கண்ணை வைத்தார். உருகித் தெளியும்வரை கதிரையைவிட்டு எழும்பவே இல்லை. தெளிந்த பிறகு, "சரி" என்றார். ஏதோ நான் கேட்டதற்குப் பதில் போல.

இருட்டிவிட்டது. வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓட்டோவில் வந்தோம். சாவடியில் மறித்தார்கள். முன்பு ஒரு தரம் இதே சாவடியில் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வெள்ளைப் புகை கிளம்பி, ஆமிக்காரரெல்லாம் பின்னால் பாய்ந்து, கிளெமென்ற் "மாளு ஐஸ், மாளு ஐஸ்" என்று, மீனுக்குப் போடுகிற ஐஸ் என்று கத்தியது ஞாபகம் வந்தது. அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நேராக இறுகப் போகிறதா என்று.

டோர்ச்சை அடித்து, பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் கிளெமென்ற் மூடியைத் திறந்து காட்டினார். வெறும் பெட்டி.

"ஐஸ் மஹத்தயா. தியவெலா கியா."

உருகிப் போய்விட்டதாம். ட்ரை ஐஸ் உருகுவதில்லை, நேரே வாயுவாகிப் போய்விடும். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பேன்.

திருத்தவில்லை.